மாநகராட்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சக ஊழியர் தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க

மாநகராட்சியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு பொறியியல், சுகாதாரம், வருவாய், கணக்கு என்று எல்லாப் பிரிவிலும் ஆட்களைத் தெரியும். ஓய்வு பெற்று இரண்டு வருடம் போனதும் அவர்களில் யாரோடெல்லாம் பேசுகிறார் என்று பார்த்தால், ஐந்தாறு பேருக்கு மேல் தேறாது. யாரும் யாரையும் ஒதுக்கிவிடவில்லை. அந்தப் பழக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது வேலை. பிரதான குழாய் உடைந்தால் நடுராத்திரியில் ஒரே ஜீப்பில் போனார்கள், மழைக்காலத்தில் கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்து விழித்திருந்தார்கள், மன்றக் கூட்டத்துக்கு முதல்நாள் ஒரே கோப்பை மூன்று பேர் திருத்தினார்கள். வேலை நின்றதும், பேசுவதற்கு இருந்த காரணமும் நின்றுவிடுகிறது.

தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் ஆய்வுக்கூடங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அளந்து 1977-இல் முடிவுகளை வெளியிட்டார். இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு சரிந்தது. ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டினால் வாரம் ஒருமுறை பேசுவதே அரிதாக இருந்தது. ஒரே கட்டடத்தில் 50 மீட்டருக்கே இப்படி என்றால், நகரத்தின் இரண்டு முனைகளில் ஓய்வில் இருக்கும் இரண்டு பேர் தானாகப் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. வேலை இருந்த இடத்தில் வேறு மூன்றை வைக்க வேண்டும்: கையில் ஒரு பட்டியல், மாறாத ஒரு தேதி, சேர்ந்து செய்ய ஏதாவது ஒரு காரியம். இதில் கடைசியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறோம்.

பட்டியலை ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஓய்வு பெறும் நாளில் அலுவலக சிம் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், அலுவலக மின்னஞ்சலும் மூடப்படும். பலருக்கு எண்கள் எல்லாம் அந்த சிம்மிலோ அந்தக் கணக்கிலோதான் சேமிப்பில் இருக்கும். கடைசி வாரத்தில் நிலுவை இல்லாச் சான்று, ஓய்வூதியப் படிவம் என்று அலைகிற அலைச்சலில் எண்களை எடுக்க நேரம் இருக்காது. அலுவலகத்தின் பணியாளர் விவரப் பட்டியலை அப்படியே நகலெடுத்து வருவதும் சரியில்லை. அதில் மற்றவர்களின் முகவரி, பிறந்த தேதி, வங்கி விவரம் வரை இருக்கலாம். ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு எழுதுவதே முறை. கேட்கும்போதே “இனிமேலும் பேசுவோம்” என்ற ஒப்பந்தம் சொல்லாமல் நடந்துவிடுகிறது.

ஒரு நபருக்கு என்னென்ன எழுத வேண்டும்? அலுவலகத்தில் அழைத்த பெயர், இன்ஷியல், பிரிவு, வட்டம் அல்லது மண்டலம் (ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், “டிப்போ முருகன்”, “டேங்க் முருகன்” என்று எழுதினால்தான் பத்து வருடம் கழித்துப் புரியும்), சொந்தக் கைபேசி எண், குடியிருக்கும் பகுதி, ஓய்வு பெறும் ஆண்டு. இவற்றோடு கட்டாயமாக ஓர் இரண்டாவது எண்: மனைவி, கணவர், மகன், மகள் யாருடையதாவது. ஓய்வுக்குப் பிறகு ஆட்கள் பிள்ளைகள் ஊருக்குக் குடிபோகிறார்கள், ரீசார்ஜ் செய்யாமல் எண் காலாவதியாகிறது, கைபேசியை எடுக்க முடியாத உடல்நிலை வருகிறது. முதல் எண் செத்துப்போனால் அந்த இரண்டாவது எண் ஒன்றுதான் மிச்சம். காலாவதியான எண்ணைச் சில மாதம் கழித்து நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மறுமுனையில் யாரோ ஒருவர் “ராங் நம்பர்” என்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பட்டியலில் முதலில் விடுபடுவது களப்பணியாளர்கள்தான். தூய்மைப் பணியாளர், வால்வு திறப்பவர், மேஸ்திரி, ஓட்டுநர், தெருவிளக்கு ஒயர்மேன். இவர்களில் பலர் மின்னஞ்சல் வைத்திருப்பதில்லை, சிலரிடம் பொத்தான் போன்தான் இருக்கும். அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள். பட்டியலை ஒரு நோட்டில் கையாலும், கைபேசியிலோ கூகுள் ஷீட்டிலோ இன்னொரு பிரதியாகவும் வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை எல்லா எண்ணையும் ஒரு சுற்று அழைத்துச் சரிபார்க்க வேண்டும். ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கிற மாதம் இதற்கு நல்ல மாதம், “சான்று கொடுத்தாச்சா?” என்று கேட்க ஒரு காரணமும் கிடைக்கும்.

எல்லாரோடும் ஒரே அளவில் தொடர்பு வைக்க யாராலும் முடியாது. மனிதர் ஒருவர் நிலையாகப் பேண முடிகிற உறவுகள் சுமார் 150, அதற்குள் 50, 15, 5 என்று நெருக்கமான வட்டங்கள் இருக்கின்றன என்று மானுடவியலாளர் ராபின் டன்பார் சொன்னது பரவலாக அறியப்பட்டது. குடும்பமும் அக்கம்பக்கமும் அந்த 150-க்குள்ளேயே வந்துவிடும். எனவே அலுவலகத்திலிருந்து ஐந்து பேரை நெருங்கிய வட்டமாகவும், பத்துப் பேரை அடுத்ததாகவும், முப்பது பேரை வெளிவட்டமாகவும் வைத்துக்கொண்டால் போதும். முதல் ஐவருக்கு மாதம் இரண்டு அழைப்பு, அடுத்த பத்துப் பேருக்கு மாதம் ஒன்று, முப்பது பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் மாதம் 25 அழைப்பு. ஒரு நாளைக்கு ஒன்றுகூட ஆகாது. கைபேசி நாட்காட்டியில் மீண்டும் மீண்டும் வரும் நினைவூட்டலாகப் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. உறவை நினைவூட்டல் போட்டு வளர்ப்பதா என்று சிலர் சங்கடப்படுவார்கள். அலுவலகத்தில் வருகைப் பதிவேடுதானே நம்மைத் தினமும் ஒன்றாக உட்கார வைத்தது!

நீண்ட இடைவெளிக்குப் பிறகு அழைப்பதுதான் எல்லாருக்கும் கஷ்டம். “இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் என்று நினைப்பாரோ” என்ற தயக்கம். இந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் குறைவு. எதிர்பாராமல் விசாரிக்கப்படுகிறவர் அதை எவ்வளவு மதிக்கிறார் என்பதை விசாரிக்கிறவர் குறைத்தே எடைபோடுகிறார் என்று 2022-இல் ஆய்வாளர் பெக்கி லியுவும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வுத் தொடர் காட்டியது. அழைத்ததும் காரணத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: “சார், பழைய நீரேற்று நிலையத்துப் பக்கம் போனேன், உங்க ஞாபகம் வந்தது.” “என்ன, எங்களையெல்லாம் மறந்துட்டீங்களா?” என்று தொடங்காதீர்கள். விளையாட்டாகச் சொன்னாலும் மறுமுனையில் இருப்பவர் மன்னிப்புக் கேட்கிற நிலைக்குத் தள்ளப்படுகிறார், அடுத்த அழைப்பை அவர் தொடங்க மாட்டார். மேலதிகாரியாக இருந்தவர்தான் முதலில் அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வேலை பார்த்தவர் எத்தனை வருடம் ஆனாலும் “அய்யாவைத் தொந்தரவு செய்யலாமா” என்று யோசித்துக்கொண்டேதான் இருப்பார்.

இன்னும் பணியில் இருப்பவர்களை அழைக்க நேரம் பார்க்க வேண்டும். சுகாதாரப் பிரிவுக்குக் காலை நேரம் முழுக்கக் களம். கணக்குப் பிரிவுக்கு மாதக் கடைசியும் நிதியாண்டு முடிவும் ஆகாது. வரி வசூலிப்பவருக்கு இலக்கு முடிகிற வாரம் ஆகாது. மன்றக் கூட்ட நாளில் யாருக்குமே ஆகாது. முதலில் ஒரு வரிச் செய்தி அனுப்பி, அவர் சொல்கிற நேரத்தில் பேசலாம்.

காது மந்தமானவர்களோடு பேசுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “அவர் போனில் சரியாகப் பேசுவதில்லை” என்று பல நட்புகள் இதனால்தான் கைநழுவுகின்றன. வயதானால் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். சாதாரணத் தொலைபேசி அழைப்போ நெடுங்காலமாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தி வந்தது. ‘ச’, ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. கத்தினால் இன்னும் மோசமாகும். இணைய வழி வீடியோ அழைப்பில் ஒலி அகலமாக வரும், உதட்டசைவும் தெரியும். கைபேசியை முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி வைத்து நிதானமாகப் பேசுங்கள். குரல் செய்தியும் நல்லது, அவர் இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்டுக்கொள்வார். நினைவு மங்கியவரிடம் “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று ஒருபோதும் சோதிக்காதீர்கள். “நான் வருவாய்ப் பிரிவு செல்வி, உங்களுக்கு எதிர் சீட்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நேற்று நடந்ததை மறந்தவருக்கும் இருபது வருடம் முன் வந்த வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு அனுப்பினோம் என்பது தெளிவாக நினைவிருக்கலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

வாட்ஸாப் குழு எல்லா அலுவலகத்திலும் இருக்கும், அதைப் பற்றி நிறையப் புகாரும் இருக்கும். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்றாலும், எண்பது பேரைத் தாண்டினால் உரையாடல் நின்று அறிவிப்புப் பலகையாகிவிடுகிறது. காலை வணக்கப் படங்கள் குவிந்து கைபேசி நிரம்புகிறது, அரசியல் ஃபார்வேர்டு ஒன்றில் சண்டை வருகிறது, பத்துப் பேர் வெளியேறுகிறார்கள், கடைசியில் யாரும் படிக்காத குழுவில் மரணச் செய்தி மட்டும் வருகிறது. இரண்டாகப் பிரிப்பது நல்ல வழி. ஒன்று அறிவிப்புக்கு மட்டும், நிர்வாகிகள் தவிர வேறு யாரும் பதிவிட முடியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். இன்னொன்று அரட்டைக்கு, விரும்புகிறவர் இருக்கட்டும். நிர்வாகிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும், ஒருவர் கைபேசி தொலைந்தாலும் குழு நடக்கும். பணியில் இருப்பவர்களை ஓய்வுபெற்றோர் குழுவில் சேர்க்காமல் இருப்பது நல்லது. இப்போதைய ஆணையர் பற்றி யாரோ ஒருவர் எழுதுகிற விமர்சனம் ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே போனால், பதில் சொல்ல வேண்டியவர் பணியில் இருப்பவர்தான்.

குழுவுக்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸாப் வசதி) பயன்படுத்துவோர் கவனிக்க: உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அலுவலக எண்ணை விட்டுப் புதிய எண்ணுக்கு மாறியவர் இதில் அடிக்கடி ஏமாறுகிறார். அனுப்பிவிட்டேன் என்று அவர் நினைப்பார், பாதிப் பேருக்குப் போயிருக்காது. எண் மாறும்போது வாட்ஸாப் அமைப்பிலேயே ‘எண் மாற்றம்’ வசதி இருக்கிறது, அதன் வழியாக மாறினால் குழுக்கள் அப்படியே தொடரும், தொடர்பில் உள்ளவர்களுக்கும் தெரிவிக்கலாம். குழுவில் சேரும் இணைப்பை ஒரு முறை பரப்பினால் வேலை முடிந்ததும் அதை ரீசெட் செய்துவிடுங்கள்.

ஓய்வூதியர் குழு என்றால் மோசடிக்காரர்களுக்குத் தனி ஆர்வம் உண்டு. “ஓய்வூதியம் நிறுத்தப்படும், உடனே சரிபார்க்கவும்” என்ற இணைப்பு, ஆறு இலக்கக் குறியீட்டைத் தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன் என்று கேட்கும் செய்தி, ஒரு நண்பர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்கும் செய்தி. அந்தக் குறியீட்டைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸாப் கணக்கே அவர்கள் கைக்குப் போகும், அங்கிருந்து குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் பணம் கேட்பார்கள். அறிமுகக் கூட்டத்திலேயே எல்லாருடைய கைபேசியிலும் வாட்ஸாப்பின் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்க ரகசிய எண் (PIN) வைத்துக் கொடுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். பணம் என்ற சொல் வந்தால் குரலில் பேசாமல் அனுப்புவதில்லை என்பதைக் குழுவின் முதல் விதியாக வையுங்கள்.

மரணச் செய்திக்கும் ஒரு முறை வேண்டும். கேள்விப்பட்டதும் பதிவிடக் கூடாது. ஒரே பெயருள்ள இருவரில் வேறு ஒருவருக்கு இரங்கல் குவிந்தால் அந்தக் குடும்பம் படும் பாடு பெரியது. நிர்வாகிகளில் ஒருவர் பட்டியலில் உள்ள குடும்பத்தாரின் இரண்டாவது எண்ணை அழைத்து உறுதி செய்து, பெயர், பிரிவு, இடம், நேரம் எழுதிப் பதிவிட வேண்டும். மற்றவர்கள் அதுவரை பொறுக்க வேண்டும்.

நேரில் சந்திக்க “எல்லாருக்கும் எப்போ வசதி?” என்று கேட்டால் அந்தச் சந்திப்பு நடக்காது. இருபது பேருக்கு வசதியான நாள் என்று ஒன்று கிடையாது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்தரை முதல் பன்னிரண்டரை, இதே இடம் என்று நிலைநிறுத்திவிடுங்கள், வருகிறவர் வரட்டும். அழைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே அது நல்ல சந்திப்பு. முதல் நாலைந்து மாதம் மூன்று பேர் மட்டும் வந்தாலும் ரத்து செய்யாதீர்கள். ஒருமுறை ரத்தானால் அடுத்த முறை எல்லாரும் “இருக்கா இல்லையா?” என்று போன் போட ஆரம்பிப்பார்கள், தேதியின் பலம் போய்விடும்.

இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம், பக்கத்தில் கழிப்பறை, முதுகு சாய்க்கிற நாற்காலி, இரைச்சல் இல்லாத அறை. செலவு மிகும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் குறைந்த ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்த்து ஓய்வூதியமே இல்லாமல் போனவர்களும் நம் சக ஊழியர்கள்தான். மேடையும் வரவேற்புரையும் பொன்னாடையும் வேண்டாம். மேடை போட்டால் பதவி வரிசை திரும்பி வந்துவிடும், பின்வரிசைக்காரர்கள் பேசாமல் கேட்டுவிட்டுப் போவார்கள். வட்டமாக உட்காருங்கள், எட்டுப் பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். கார் வைத்திருப்பவர் வழியில் உள்ள ஒருவரை ஏற்றிக்கொள்வது வருகையைக் கூட்டுவதற்கு நாங்கள் அறிந்த எல்லா வழியிலும் சிறந்தது. வெளியூரில் இருப்பவரை வீடியோவில் சேர்ப்பதானால் ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், கூகுள் மீட் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம் தரும், வாட்ஸாப் அழைப்பில் 32 பேர் வரை இருக்கலாம். கூட்டம் முழுவதையும் காட்டாமல், கைபேசியைக் கையில் கொடுத்து ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வையுங்கள். அறையின் மூலையில் நிறுத்திய கைபேசியில் ஒரு சொல்லும் கேட்காது.

இப்போது அந்தச் சேர்ந்து செய்கிற காரியம். உடல்நலம், பேரப்பிள்ளைகள், அகவிலைப்படி பேசி முடிக்க ஆறு மாதம் போதும். அதன் பிறகு சந்திப்பு வறண்டுவிடும். ஓய்வுபெற்ற நகர ஊழியர்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: தாளில் ஏறாத நகரம். எந்தச் சாலைச் சந்திப்பில் தார் போடும்போது வால்வு புதைந்துபோனது, எந்த வடிகால் வரைபடத்தில் காட்டியபடி போகாமல் வளைந்து போகிறது, எந்தப் பூங்கா முன்பு குளமாக இருந்தது, எந்தத் தெருவுக்கு ஏன் கதவு எண் இரண்டு முறை மாறியது. பழைய வரைபடங்களில் திட்டமிட்டது இருக்கும், உள்ளபடி முடித்தது பல சமயம் இருக்காது. அந்த வித்தியாசம் குழி வெட்டியவர் தலைக்குள் இருக்கிறது.

ஒரு மண்டலத்தில் வேலை பார்த்த நாலைந்து பேரை உட்கார வையுங்கள். பொறியாளர், மேஸ்திரி, வால்வு திறப்பவர் மூவரும் அதில் கட்டாயம். அந்தப் பகுதியின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு மேசையில் விரியுங்கள். கைபேசியில் குரல் பதிவைப் போட்டுவிட்டுத் தெருத் தெருவாகப் பேசுங்கள். ஓர் அமர்வு 45 நிமிடம் போதும், அதற்கு மேல் களைப்பு வரும். சொல்கிற ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஓர் எண், நோட்டில் அதே எண்ணுக்கு நேரே யார் சொன்னார், எந்த ஆண்டுவாக்கில், நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா என்று எழுதுங்கள். இருவர் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பு வேண்டாம், ஒருநாள் இடத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம், அதுவும் ஒரு சந்திப்பு. பழைய குழுப் புகைப்படங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பெயர் தெரியாத முகம் வந்தால் “அவரைத் தெரிந்தவர் யார்?” என்ற தேடலில் பட்டியலுக்கு இரண்டு பேர் புதிதாக வருவார்கள்.

இந்தக் குறிப்புகளைக் குழுவில் பகிர வேண்டாம். குடிநீர்க் குழாய், நீரேற்று நிலைய விவரங்கள் பொதுவெளிக்கு உரியவை அல்ல. பொறியியல் பிரிவுக்கு ஒரு கடிதத்தோடு ஒப்படைத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணியில் இருக்கும் பழைய தோழர்களோடு ஓர் எல்லை வேண்டும். உறவினர் கட்டட அனுமதி, பக்கத்து வீட்டுக்காரர் சொத்துவரி என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த அழைப்பை எடுக்கும் முன் அவர் யோசிப்பார். விண்ணப்ப முறை என்ன என்று கேட்கலாம், கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கக் கூடாது. சில நகரங்கள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன: நியூயார்க்கில் நகரப் பணியை விட்டவர் ஓராண்டுக்கு, ஊதியம் பெற்றுக்கொண்டு வேறொருவருக்காகத் தன் பழைய துறையை அணுகக் கூடாது. ஒப்பந்ததாரரிடம் ஆலோசகராகச் சேர்ந்தவர் தன் ஊர் விதியைப் படித்துவிட்டே பழைய அறைக்குள் போக வேண்டும். சும்மா பார்க்கப் போவதானால் உணவு இடைவேளையில் போங்கள், பழைய இருக்கையில் உட்காராதீர்கள், அரை மணியில் கிளம்பிவிடுங்கள்.

துணையை இழந்தவர்களை விட்டுவிடக் கூடாது. சக ஊழியர் இறந்ததும் அவர் எண்ணைக் குழுவிலிருந்து உடனே நீக்காதீர்கள். அந்தக் கைபேசி இப்போது அவர் மனைவியின் கையிலோ கணவரின் கையிலோ இருக்கும். ஒரு மாதம் கழித்து, தொடர விருப்பமா என்று கேளுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு, பெயர்ப் பொருத்தம் ஆகிய நான்கும் தேவைப்படும். பணிப் பதிவேட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலும் இருப்பதுதான் பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம். நிர்வாகப் பிரிவில் இருந்த ஒருவர் உயிரோடு இருப்பவர்களின் தாள்களையே இப்போது ஒரு சந்திப்பில் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தால் அந்தச் சிக்கல் முன்கூட்டியே தீரும்.

பட்டியலும் நோட்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் இரண்டு பேர், அதில் ஒருவராவது அண்மையில் ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூத்தவர் விலகி அந்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர் உள்ளே வரட்டும். கூகுள் கணக்கு இரண்டு ஆண்டு பயன்படுத்தாமல் கிடந்தால் நீக்கப்படலாம், அதிலுள்ள ஷீட்டும் போகும். அதனால் ஷீட்டை மற்ற ஒருங்கிணைப்பாளருக்குத் திருத்தும் உரிமையோடு பகிர்வதோடு, அவரையும் தன் கணக்கில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வருடாந்தரச் சரிபார்ப்பு முடிந்ததும் ஒரு முறை அச்செடுத்து இருவர் வீட்டிலும் வையுங்கள்.